ஒரு பரிந்துரைக்காகக் காத்து நின்றவளுக்கு

கல்லூரி வாசலில் உனக்கு இரங்கல் பேனர் கட்டியிருக்கிறார்கள். உன் படம் தபால்தலை அளவு. நம் ப்ராஜெக்ட் கைடின் படம் ஆளுயரம், கும்பிட்டபடி சிரிக்கிறார். இரங்கல் பேனரில் யாராவது சிரிப்பார்களா? புது ஃப்ளெக்ஸின் நெடி மூக்கில் ஏறியது.

எம்.எஸ்சி. முடித்த கையோடு ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் என்று வேதியியலில் பிஎச்.டி. இடம் தேடி இருவரும் மெயில் போட்டோம். நான் ஒரே மெயிலைப் பெயர் மாற்றி எல்லாருக்கும் அனுப்பினேன். நீயோ ஒவ்வொரு பேராசிரியரின் கட்டுரையையும் படித்த பிறகுதான் எழுதினாய். "உன்னோடது கல்யாணப் பத்திரிகைடி, ஊருக்கே ஒண்ணு" என்று என்னைக் கிண்டல் செய்தாய்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், ஒரு பேராசிரியரிடமிருந்து உனக்கு அந்தப் பதில் வந்தது. நேர்காணலில் உன்னைப் பிடித்துவிட்டதாம். கைடின் பரிந்துரை வந்துவிட்டால் இடம் உனக்குத்தானாம். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்.

பரிந்துரையை அனுப்புவதற்கான லிங்க் நேராக அவருடைய மெயிலுக்குப் போயிருந்தது. இருவரும் போய்க் கேட்டோம்.

"அதெல்லாம் நான் பாக்கறதில்லம்மா. பாஸ்வேர்டு தரேன், நீயே எழுதி நீயே போட்டுக்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"என்னைப் பத்தி நானே எப்படி சார் சொல்லிக்கறது? நீங்க ரெண்டு வரி எழுதுங்க, போதும்."

அவர் முகம் சுருங்கியது. பார்க்கலாம் என்றார். கெடு முடியும்வரை தினமும் அவர் அறை வாசலில் நின்றாய். உள்ளே அவருடைய பாராட்டு விழாவுக்குச் சிறப்பு மலர் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு வரி! அதற்கு அந்த மனிதருக்கு நேரமில்லை.

டியூஷன் எடுத்துக்கொண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றிருந்தாய். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று இரங்கல் கூட்டத்தில் அவர் பேசுகிறார்: "அவளுக்காக எவ்வளவோ முயற்சி பண்ணினேன். ஐரோப்பாவுல போட்டி ஜாஸ்தி. பாவம், அவளால முடியல."

எழுந்துவிட்டேன். "அவளால முடிஞ்சுது சார். நீங்கதான் லெட்டர் போடல."

"இரங்கல் கூட்டத்துல பேசற பேச்சாம்மா இது?" என்று யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இறந்தவளைப் பற்றிப் பொய் சொல்லலாம், உண்மையைச் சொல்லக்கூடாது. நன்றாக இருக்கிறது மரியாதை.

வெளியே உன் அம்மா எனக்காக நின்றிருந்தார். "தனக்குத் தகுதி பத்தலைன்னுதானே அவ எங்கிட்ட சொன்னா? நானும், போனாப் போகுது, உன்னால முடிஞ்சது அவ்வளவுதான்னு சொல்லிட்டேனே" என்றார்.

கைடைக் காட்டிக்கொடுக்காமல் பழியை நீயே சுமந்திருக்கிறாய்! உன் மேலும் கோபம் வந்தது.

"இல்லம்மா. அந்த யூனிவர்சிட்டில இடத்தை அவளுக்குத்தான் வெச்சிருந்தாங்க."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன். இனி கேட்காதவர்களிடமும் சொல்வேன்.