இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தவளுக்கு

என் தங்கம் பாக்கியத்துக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் குளித்துக்கொண்டிருந்தபோது பிளேன் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் சோப்போடு, துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தேன். எதிர்வீட்டு மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நீ போனதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். பிளேனைப் பார்த்துத் திட்டத்தான் ஓடிவருகிறேன், ஏட்டி.

உன்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. அவ்வளவு தூரமா என்று அம்மா கண் கலங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்ன தாயீ தூரம்? பம்பாய்ல ஏறுனா ரெண்டு மணி நேரத்துல திருவனந்தபுரத்துல எறக்கி விட்ருவான். அங்கெருந்து செங்கோட்டை வழியா காரு. காலைல கெளம்புனா ராச்சோறு உங்க வீட்டுல."

"நம்ம மதுரை பஸ்ஸே ரெண்டரை மணி நேரம் ஆகுதே!" என்று அய்யா தொடையைத் தட்டினார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஒரு தடவையாவது பிளேனில் ஏற்றினார்களா உன்னை? தலைப்பிரசவத்துக்குக்கூட அம்மாதான் மூட்டை முடிச்சோடு ரயிலேறி அங்கே வந்தாள். ஒவ்வோர் ஆடிப்பூரத்துக்கும் "தேர் பாக்க வரணும்ணே" என்று எழுதுவாய். "அடுத்த வருசம் பிளேன்லயே அனுப்புதேன்" என்பாராம் உன் புருஷன். எத்தனை அடுத்த வருஷம், பாக்கியம்?

கடைசியில் வந்தாய். பெட்டியில். நாலு நாள் காய்ச்சலில் போனவளை, திருவனந்தபுரம் ஏரோட்ரோமில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூட வந்த உன் மகள் சித்ராவிடம், எவ்வளவு நேரமாயிற்று என்று ஏனோ கேட்டேன். "ரெண்டு மணி நேரம், மாமா" என்றாள். உன் மாமனார் பொய் சொல்லவில்லை ஏட்டி. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நீ உயிரோடு இருந்தபோது கிடைக்காத டிக்கெட் அன்றைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

பம்பாய் இப்போது மும்பையாம். ஊர் பேர் மாறிவிட்டது, உன் புருஷன் மாறவில்லை. என்னிடம் வளரும் மகளைப் பார்க்க ஒரு நடை வரவில்லை. ரெண்டு மணி நேரம்தானே!

இப்போது சித்ராவுக்கு வரன் வருகிறது. போன வாரம் வந்தவர்களுக்குக் குடியிருப்பு டெல்லியில். பையனின் அப்பா ஆரம்பித்தார்: "டெல்லி ஒண்ணும் தூரமில்ல. மெட்ராஸ்லேருந்து பிளேன்ல ரெண்டரை மணி நேரந்தான்."

காபி டம்ளரை அவரிடம் நீட்டிய என் கை அப்படியே நின்றது.

"நீங்க இப்ப எதுல வந்தீய?"

"ரயில்லதான்."

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு ராத்திரி."

"ஏன், பிளேன் பஞ்சரா?"

கதவுக்குப் பின்னால் சித்ரா சிரித்தது கேட்டது. உன் சிரிப்பேதான்.

சத்தியமாகச் சொல்கிறேன். இவளை எந்த ஊருக்குக் கொடுத்தாலும், "வரணும் மாமா" என்று ஒரு வரி வந்தால் போதும். எவன் அனுமதியும் கேட்க மாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் ரயிலேறிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்.

அன்றைக்குக் கோபத்தில் டம்ளரை ஆட்டி ஆட்டிப் பேசியதில், காபி முழுவதும் அவர் மடியில் கொட்டிவிட்டது. என் புது வேட்டியைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு போனார். வேட்டி இன்னும் வந்து சேரவில்லை. ரெண்டரை மணி நேரத் தூரம்தான்.

உன்னைக் கழுதை என்றே கூப்பிட்டுப் பழகிய,
உன் அண்ணன்