ஊதச் சொன்ன ஏட்டு

8 பிப்ரவரி 1938, செவ்வாய்

சந்தை நாள். கூழ் பாதிகூட விற்கவில்லை. புதிதாக வந்த போலீஸ் ஏட்டு என் கடைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, குடித்துவிட்டுப் போகிற ஆட்களை மறிக்கிறான். "ஊதுடா" என்கிறான். வாய்க்கு நேரே மூக்கை வைத்து மோந்து பார்க்கிறான். புளிப்பு வாசனை வந்தால் சாராயமாம். புளித்த கேழ்வரகுக் கூழ் குடித்தவன் வாய் பன்னீராகவா மணக்கும்?

நாலு மாதத்துக்கு முன்னால் மதுவிலக்கு வந்தபோது, மூடிய கள்ளுக்கடை வாசலில் கற்பூரம் கொளுத்தியவள் நான். என் வீட்டுக்காரர் அன்றோடு குடியை விட்டார். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இந்த மூக்கைத்தான் சொல்கிறேன்.

15 பிப்ரவரி

வத்தல்மலையிலிருந்து தேன் கொண்டுவரும் கரியனும் அவன் பெண்சாதி கருப்பியும் என்னிடம் கூழ் குடித்துவிட்டுப் போனார்கள். ஏட்டு மறித்தான். கரியன் ஊதினான். அப்புறம் கருப்பியையும் ஊதச் சொல்லி அவள் முகத்துக்கு நேரே குனிந்தான் பாவி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையைப் பிடித்து இழுத்தான். கரியன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான் — குடித்துவிட்டுப் போலீசை அடித்தான் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓடிப்போய், "அது கூழுங்க. நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

"அப்ப சாராயம் விக்கறது நீதானா?" என்றான். சிரிப்பு வேறு.

16 பிப்ரவரி

கரியனை ரிமாண்டு செய்துவிட்டார்கள். ஆறு மாதமாவது போடுவார்கள் என்று பேச்சு. கருப்பி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு இறங்கவில்லை. "ஏங்க்கா, நான் ஊதியிருந்தா எங்காளை வுட்டிருப்பாங்களா?" என்று கேட்கிறாள்.

18 பிப்ரவரி

நானே கலெக்டருக்கு மனு எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு இதற்காவது உதவட்டும். என்ன காரணத்துக்காக ஒரு ஆளை மறிக்கலாம்? பெண்பிள்ளை வாயை மோந்து பார்க்க எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பார்த்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். கையெழுத்துக்குப் போனால் ஒருவரும் வீட்டில் இல்லை. வீட்டுக்காரரும் மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு ஏற்கனவே குடிகாரன்னு பேரு. கையெழுத்துப் போட்டா நாளைக்கே என்னைப் புடிச்சிக்கிட்டுப் போவாங்க." பயம் நியாயம்தான். ஆனாலும் ஆத்திரம் தாங்காமல் அகப்பையை விட்டெறிந்தேன்.

19 பிப்ரவரி

என் கையெழுத்து. கருப்பியின் கைநாட்டு. இரண்டே பேர்.

3 மார்ச்

விசாரணைக்கு டிப்டி கலெக்டர் வந்தார். ஏட்டு, "சந்தேகத்தின் பேரில் மறித்தேன்" என்றான்.

"சந்தேகத்துக்கு என்ன காரணம்?"

"வாசனைங்க."

நான் ஒரு சொம்புக் கூழை மேசைமேல் வைத்தேன். அதிகாரி மோந்து பார்த்தார். ஏட்டையும் பார்க்கச் சொன்னார். "இதே வாசனையா?" ஏட்டு சொம்பைத் தள்ளி வைத்தான். அதிகாரி என்னமோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

10 மார்ச்

கரியனை விட்டுவிட்டார்கள்! கருப்பி அழுதாள். நானும்தான்.

12 மார்ச்

உத்தரவு வந்தது. வாசனையை மட்டும் வைத்து யாரையும் மறிக்கக் கூடாது. படித்து நிமிர்வதற்குள் அடுத்த வரி: போலீசார் வேலைக்குக் குழப்பம் உண்டாவதால், சந்தைக்குள் புளித்த கூழ் விற்கக் கூடாது.

மூக்கு அவனுடையது, தண்டனை என் பானைக்கா? நாசமாய்ப் போக.

15 மார்ச், செவ்வாய்

வழக்கம்போல் கூழ் காய்ச்சினேன். "விக்கத்தானே கூடாது? சும்மா ஊத்தறேன்" என்றேன். வீட்டுக்காரர் பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சந்தையில் யாரும் கிட்ட வரவில்லை. கரியனும் கருப்பியும் எட்டவே நின்றார்கள். ஏட்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்காரர் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். எழுந்து நேராக ஏட்டிடம் போனார். அவன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார்.

"நான் பழைய குடிகாரனுங்க. நல்லா மோந்து பாருங்க" என்றார்.

ஏட்டு நோட்டை எடுத்தான். பென்சிலைப் பிடித்தபடியே நின்றான். அதற்குள் கரியன் சொம்பை நீட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.