மாமாவின் பேரல் தேயவே இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் மருந்து என்று சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை. உன் அறையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் போட்டாயிற்று.

உன் கடிதம் வந்தது. ஆட்டுப் பண்ணையில் காட்டுநாய் சுடுகிற வேலை உனக்கு நிலைத்துவிட்டது என்று படித்துச் சந்தோஷப்பட்டோம். ஆனால் தோட்டாவுக்கும் துப்பாக்கிப் பேரல் தேய்மானத்துக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அதனால் பழகச் சுடுவதையே நிறுத்திவிட்டேன், நாய் வந்தால்தான் துப்பாக்கியைத் தொடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். மாமா எப்படிப் போனான் என்று நீ போனில் கேட்டபோது பன்றி குத்திவிட்டது என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

உன் மாமாவைத் தெரியாதா, செருப்பு தேயும் என்று புல்லைத் தேடி நடக்கிற ஆள். பழத்தோட்டக்காரர்களுக்காகக் காட்டுப்பன்றி சுடுகிற வேலையை அவனும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம். போன பருவம் முடிந்ததும் புது பேரல் போட்டான், அந்த நேரம் பார்த்துத் தோட்டா விலையும் ஏறியது. பேரலுக்கும் ஆயுசு இருக்குக்கா, பழகுறேன்னு குறி அட்டையைச் சுட்டு அதை எதுக்குக் கரைக்கணும், பன்றிக்குன்னு இருக்கட்டும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழ்த்தோட்டத்துக் காவல்காரர், நாம் சரவெடி என்போமே, அவர் பேரலை ஆறவே விடாமல் சுட்டுத் தள்ளி உள்பக்கம் வெந்துபோய், இன்றைக்கு வீட்டைக் குறிபார்த்தால் வேலியில் படுகிறது. அதைப் பார்த்துப் பயந்த உன் மாமா துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்தான், தோட்டத்தில் காய் பழுத்துப் பன்றி வருகிற வரைக்கும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

அன்று விடிந்த கொஞ்ச நேரத்தில் பன்றி வந்தது, பக்கவாட்டில், வெட்டவெளியில், தப்பவே கூடாத தூரம். அவன் விசையை வெடுக்கென்று இழுத்தான், துப்பாக்கி முனை தாழ்ந்ததை நானே பார்த்தேன். குண்டு வயிற்றில் பட்டது, பன்றி புதருக்குள் போய்விட்டது. கொஞ்சம் பொறுடா, ரத்தம் வடிஞ்சு படுக்கட்டும் என்றேன். பழம் பறிக்கிறவங்க வர்ற நேரம்கா, யாரையாவது கிழிச்சுடும் என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். அது நேரே அவன்மேல் வந்தது. இரண்டாவது குண்டு மண்ணில் போயிற்று. நான் சுட்டேன், விழுந்தது, ஆனால் அதற்குள் கோரைப்பல் அவன் தொடையைக் கிழித்துவிட்டது. இடுப்பு வாரைக் கழற்றி இறுக்கிக் கட்டி டிராக்டரில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா, கைக்குச் சுடுறதே மறந்துபோச்சு என்றான், அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மூச்சு இல்லை.

போன வாரம் மாமாவின் துப்பாக்கியை விற்க மாமா வீட்டு அத்தையும் நானும் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புதுசாட்டம் இருக்கே, தேய்மானமே இல்ல, நல்ல விலைக்குப் போகும்மா என்று சிரித்தார். நானும் பாக்கலாமா என்று அத்தை கேட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பினாள். எவ்வளவு பளபளன்னு வெச்சுட்டுப் போயிருக்காரு அண்ணி என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உங்க பொண்ணு தோட்டா வாங்கட்டும் என்று நீட்டினாள். வேண்டாம், பிள்ளைகளுக்கு வை என்றேன். உன் மாமா போன பிறகு அவளுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவ சுடணும் அண்ணி, நீங்க அனுப்பலைன்னா நானே அனுப்புவேன் என்று கத்திவிட்டாள். அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பி அவளை நோகடிக்காதே.

பண்ணையில் சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள், அதன் தோட்டா மலிவு, பேரலும் லேசில் தேயாது, கையும் கண்ணும் பழக அது போதும். தினமும் காலித் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பழகு, காலிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, ஆள் இல்லாத பக்கம் திருப்பி. ஆனால் அதோடு விட்டுவிடாதே, பெரிய துப்பாக்கியிலும் வாரம் தவறாமல் சில குண்டுகள் சுடு, ஒவ்வொன்றாக, பேரலைத் தொட்டுப் பார்த்து ஆறவிட்டு. தேய்ந்தால் தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம். அடிபட்டது எதுவானாலும் தனியாகப் பின்னால் போகாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சுட்டு முடித்ததும் அத்தைக்குப் போன் செய். மாமா பேச்சை எடுக்காதே. அட்டையில் எங்கே பட்டது என்று மட்டும் சொல், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் பேரிலேயே நினைப்பாக இருக்கும்,
அம்மா