தம்பி கிண்ணம்

ஒக்டோபர் 4, சனி
விடியத் தொடங்கின மழை, இன்னும் விடேல்லை. ஆண்டு மலருக்கான கட்டுரை ஒரு மாதிரி முடிஞ்சுது. பாலா அண்ணைக்கு அனுப்பியாச்சு. அவர் எங்கடை கோலியர்ஸ் வுட் தமிழ் உதைபந்துக் கழகத் தலைவர், நான் செயலாளர். அடுத்த ஞாயிறு சுற்றுப்போட்டி, அண்டைக்குத்தான் மலர் வெளியீடு.

தலைப்பு: "ஆங்கிலேய இராணுவக் கல்லூரி அணியில் முதல் தமிழன்". நூறு வருசத்துக்கு முந்தின கல்லூரிச் சஞ்சிகை, இணையத்திலை கிடைச்சது. அந்த சீசன் முழுக்கத் தோல்வி மேலை தோல்வி. ஆனா ஒவ்வொரு மட்ச் குறிப்பிலையும் ஒரு பேர்: தம்பி. மைதானத்துக்கு முதல் ஓடி வந்தது தம்பி. தம்பி பந்தை விடமாட்டன் எண்டு நிண்டதாலை ஆட்டம் தடைப்பட்டது. காலிலை காயம், ஒரு மட்சுக்கு வரேல்லை, அதிலை படுதோல்வி. சீசன் முடிவு விருந்திலை தம்பிக்கு மட்டும் தனித் தட்டு. நிறவெறி! அதுக்கு ஒரு முழுப் பந்தி, கொதிச்சுக் கொதிச்சு எழுதினன்.

வசந்தி வாசிச்சிட்டு, "முழுப் பேர் இல்லையோ?"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எங்கடை பேரை எங்கை முழுசா எழுதினவன்?"

"தனித் தட்டுக்கு இவ்வளவு கொதிக்கிறியள். எங்கடை ஊர்த் தேத்தண்ணிக் கடையளிலை சாதி பாத்துத் தனிப் பேணி வைச்சதையும் எழுதுங்கோவன்."

மனிசிக்கு எப்பவும் இந்த வாய்தான். அணிப் படம் கேட்டுக் கல்லூரிக்கு ஈமெயில் போட்டிருக்கிறன். வந்தால் அட்டைக்கு.

ஒக்டோபர் 7, செவ்வாய்
பல்லுக்குத்து. பரசிட்டமோல் முடிஞ்சுது, வாங்க வேணும்.

மத்தியானம் பாலா அண்ணை போன். "ஐசே குகன், ரெண்டு தரம் வாசிச்சிட்டன்." ஊரிலை பள்ளிக்கூட ரீமிலை விளையாடினவர். இஞ்சை வந்த புதிசிலை பிளேஸ்டோவிலை ஒரு வெள்ளைக்காரக் கழகத்திலை சேர்ந்தவராம். இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

"ரீம் வானுக்குள்ளை இடமில்லை எண்டு சொல்லிச் சொல்லி அரைவாசி மட்சுக்கு என்னை விட்டிட்டுப் போயிடுவாங்கள். போனாலும் ஒருத்தனும் பந்து தரான். எனக்குத்தான் ஆட்டம் போதாது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். அந்தக் காலத்திலையே எங்கடை ஒருத்தனுக்குப் பந்து குடுத்திருக்கிறாங்கள், பாரும்."

வெல்லுற அணிக்குக் குடுக்கிற கிண்ணத்துக்குத் "தம்பி கிண்ணம்" எண்டு பேர் வைக்கப்போறாராம்.

சந்தோசம். பெருமை எண்டே எழுதலாம், ஆர் பாக்கப்போயினம்.

ஒக்டோபர் 9, வியாழன்
படம் வந்துது. மகள் ஆரணிதான் திறந்தாள். பதினொரு வெள்ளைப் பெடியள், கை கட்டின படி. முன்னாலை புல்லிலை ஒரு வெள்ளை நாய், ஒரு காது கறுப்பு, முன்னங்காலுக்கு நடுவிலை பந்து. கீழை பேர்கள். கடைசிப் பேர் தம்பி.

"அப்பா, இட்ஸ் எ டோக்."

விழுந்து விழுந்து சிரிச்சாள். பேந்து சட்டெண்டு நிப்பாட்டினாள். மேலை சின்னவன் கேம் விளையாடிக் கத்துற சத்தம். "வெயிட். நான் அவனைக் கூப்பிடுறது தம்பி எண்டுதானே. ஒய் வுட் தே டூ தட்?"

சிலோனிலை இருந்து திரும்பின ஒஃபிசர் ஆராவது வைச்ச பேராய் இருக்கும். அங்கை வேலைக்காரரைக் கூப்பிட்ட பேர், இஞ்சை நாய்க்கு.

தனித் தட்டு. கடவுளே, அது நாய்ச் சாப்பாட்டுத் தட்டு.

வசந்தி: "மலர் இன்னும் அச்சுக்குப் போகேல்லைத்தானே? இப்பவே பாலா அண்ணைக்குப் போன் எடுங்கோ."

"ஓம் ஓம், எடுக்கிறன்."

எடுக்கேல்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி
எடுத்தன். நான் வாய் திறக்க முன்னம் அவர்: "கிண்ணத்திலை பேர் வெட்டியாச்சு ஐசே. என்ரை பழைய பிளேஸ்டோ ரீம்காரர் ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறன். வந்து கேக்கட்டும்."

"நல்லது அண்ணை" எண்டன். போனை வைச்சன். சீ, நானும் ஒரு மனிசன்.

வாங்க: பால், சின்னவனுக்குக் காலுறை. பல்லு டொக்டருக்குப் போன் அடிக்க.

ஒக்டோபர் 12, ஞாயிறு
நல்ல வெயில், மழை வந்து குழப்போணும் எண்டு நேந்தது வீண்.

பாலா அண்ணை மைக்கைப் பிடிச்சு முதல் தமிழிலை, பேந்து அந்த ரெண்டு வெள்ளைக்காரருக்காக இங்கிலீசிலை. "தே பாஸ்ட் ஹிம் த போல்" எண்டு சொல்லேக்கை குரல் உடைஞ்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கைதட்டு. பேந்து என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை. நான் குனிஞ்சு வாங்கினன். பணிவு எண்டு நினைச்சிருப்பினம். நிமிர்ந்து அந்த மனிசன்ரை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடந்தது.

வெண்ட பெடியள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு "தம்பி! தம்பி!" எண்டு மைதானத்தைச் சுத்தினாங்கள்.

வீட்டு வாசலிலை ஆரணி, "அந்தப் பொன்னாடையை நாய்க்குத்தான் போட்டிருக்கோணும்." முழுக்கத் தமிழிலை சொன்னாள். வசந்தி அவளை ஏசேல்லை.

ஒக்டோபர் 13, திங்கள்
வேலைக்கு லீவு சொல்லிட்டுப் பாலா அண்ணை வீட்டை போனன். மேசையிலை மலர்க் கட்டு, ஊருக்கு அனுப்ப விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். படத்தைக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடிக்குக் கொண்டு போனார். கீழை இருந்த பேர்களை விரலாலை தடவித் தடவி வாசிச்சார். கடைசிப் பேரிலை விரல் நிண்டுது.

"எப்ப தெரியும் உமக்கு?"

"வியாழக்கிழமை அண்ணை."

"நேற்று நான் மைக்கிலை நிண்டு அழேக்கை?"

"தெரியும்."

ஏசுவார் எண்டு நிண்டன். நல்லா ஏசட்டும், அடிச்சாலும் வாங்குவம் எண்டு நிண்டன். அவர் திரும்பவும் அந்த நாயையே பாத்தார்.

"எல்லா மட்சுக்கும் கூட்டிக்கொண்டு போனவங்களோ?"

"ஓம் அண்ணை. காயம் வந்த ஒண்டைத் தவிர."

"அப்ப அதுக்கு இடம் இருந்திருக்கு."