பிரித்துவிட்ட தையல்

மார்ச் 4

இன்றும் கடைக்கு வந்தாள் என் தங்கை, கையில் துணிப்பையோடு. "அக்கா, எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. சைடு பிடிச்சுக் குடேன்."

இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் இருவருக்கும் ஜனவரியில்தான் நடந்தது. ஒரே டாக்டர். அவளுக்கு மட்டும் மளமளவென்று இறங்குகிறது. என் உடம்போ ஒவ்வொரு கிலோவுக்கும் பேரம் பேசுகிறது. துணி திருத்துவது என் பிழைப்பு, சரி. அதற்காக இவள் இடுப்பைச் சுருக்குவதும் என் தலையிலா விடிய வேண்டும்?

மார்ச் 9

வயிறு எரிகிறது. ஆபரேஷன் பண்ணின இடம் இல்லை.

மார்ச் 13

அவள் ஆபீஸ் விழாவுக்கு நீலக் கவுன். போட்டுக்கொண்டு நின்றாள். தோள், இடுப்பு எல்லாம் கச்சிதம். தொப்புளுக்கு இடப்பக்கம், தழும்புக்கு மேலே மட்டும் துணி விறைத்து நின்றது. இருமினாள், அந்த இடம் இன்னும் முட்டியது.

"அது கரையாத கொழுப்புக்கா. பிடிவாதம் பிடிக்குது."

நான்தான் அளவை விட்டுவிட்டேன் போல என்று தையலைப் பிரித்து ஒரு விரல் அகலம் விட்டேன். அவள் துணியை நான் பெரிதாக்கியது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பிரிக்கும்போது பாட்டு வேறு முணுமுணுத்தேன். அப்படி ஒரு குஷி எனக்கு!

மார்ச் 14

ஆபீசில் தண்ணீர் கேனைத் தனியாகத் தூக்கி மாட்டினாளாம். "முன்னெல்லாம் மூச்சு வாங்கும். இப்ப அனாயாசமா தூக்குறேன்!" கனம் தூக்காதீங்க என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தானா? பீற்றிக்கொள்ளட்டும்.

மார்ச் 16

நீலக் கவுனைப் போட்டுப் பார்த்தவள் களைப்பாக இருக்கிறது என்று அப்படியே என் வீட்டு சோபாவில் படுத்தாள். நான் விட்ட இடம் காலியாகத் தொய்ந்து கிடந்தது. எழுந்தாள், நிரம்பியது.

கொழுப்பு படுத்தால் எங்கே போகும்?

டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. "தழும்புக்கிட்ட புடைச்சு, படுத்தா உள்ள போனா ஹெர்னியாவா இருக்கலாம், வந்து காட்டுங்க. இறுகிப்போய் உள்ள போகாம, வலியோட வாந்தியும் வந்தா உடனே ஓடி வாங்க." இவள் அன்றைக்கு எடை மெஷின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாடி?"

"சாயங்காலமானா இழுக்கும். அதனால என்ன?"

சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நான் விழாவுல நல்லா இருந்துடக் கூடாது, அதானே? உனக்குப் பொறாமைக்கா." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

போகட்டும். எனக்கென்ன?

— போகட்டுமா? தூக்கம் வரவில்லை.

மார்ச் 17

போன் எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். காலையிலிருந்து வாந்தி. சூப் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்பிவிட்டாளாம். படுக்க வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. கல்லாக இருந்தது.

"வா, ஆஸ்பத்திரிக்கு."

"நீ பொறாமையில…"

"ஆமாண்டி! பொறாமைதான். உன்னைப் பாத்தா பத்திக்கிட்டு எரியுது. பொழுதன்னைக்கும் உன் வயித்தையேதான் பாத்துட்டு இருக்கேன். அதனாலதான் சொல்றேன், கெளம்பு!"

செருப்பைத் தேடினாள். நானே மாட்டிவிட்டேன்.

மார்ச் 18

ஹெர்னியாதானாம். தழும்புக்கு அடியில் விட்டுப்போன இடத்தில் குடல் வந்து மாட்டியிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். சரிசெய்து தைத்துவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு இவள் பதில்: "எங்கக்கா கண்ணு என் இடுப்பை விட்டு நகராது."

வெளியே வந்து வராந்தாவில் அழுதேன்.

ஏப்ரல் 27

வந்தாள். துணிப்பையை வீட்டுக்காரர் சுமந்து வந்தார். இன்னும் மூன்று கிலோ போய்விட்டதாம். எனக்கு இந்த மாதம் அரைக் கிலோ. படுபாவி.

நீலக் கவுனை நீட்டினாள். "நீ விட்ட இடத்தைத் திரும்பப் பிடிச்சிடுக்கா."

போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். மெதுவாக இருமச் சொன்னேன். துணி முட்டவில்லை. இன்னொரு தடவை இருமச் சொன்னேன்.

எரியத்தான் எரிகிறது. நாளைக்குள் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்.