சரசுவின் எடை

8-6-98, திங்கள்

காலையிலிருந்து காற்று. மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. கொடியில் போட்ட வேட்டி பக்கத்துத் தறி ஷெட் கூரைமேல்.

நேற்று குலதெய்வக் கோயிலில் சரசுவுக்குத் துலாபாரம். பெண்டாட்டிக்காக நான் வேண்டியதுதான். அவள் கால் புண் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்து ஒருவழியாக ஆறியது. எடைக்கு எடை வெல்லம். சர்க்கரை வியாதிக்காரிக்கு வெல்லம் என்று சொல்லியே பத்து பேரைச் சிரிக்க வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தட்டில் ஏறி உட்கார்ந்ததும் வாய் சும்மா இல்லை.

"பூசாரி, சங்கிலியக் கெட்டியாப் புடிங்க. இந்த வெல்லம் பத்தாதுங்க, ஆலைக்கே ஆள் அனுப்போணும்."

பங்காளிகள் எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைகள்கூட. சரசு கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு. பந்தியில் உட்காரவில்லை.

9-6, செவ்வாய்

காலை தோசை இரண்டு. எனக்கு மட்டும்.

"நீயும் உக்காரு அம்மணி."

"வெரதமுங்க."

"எந்தச் சாமிக்கு?"

"எல்லாச் சாமிக்குந்தான்."

அப்படியென்றால் இரண்டு மாதத்தில் ஒல்லிக்குச்சி ஆகிவிடுவாய் என்றேன். தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் பேசுகிறேன். அவளும் சிரிப்பாள். சிரிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட வேண்டும். கடைக்காரன் சில்லறை இல்லை என்று மிட்டாய் தந்தான். திருடன்.

10-6, புதன்

குழாயடியில் விழுந்துவிட்டாள். பகல் பதினொரு மணி. உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், என்னையே அடையாளம் தெரியவில்லை. டாக்ஸி பிடித்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரி.

விரதம் என்றவள் மாத்திரையை விடவில்லை. மாத்திரையை விட்டால் புண் திரும்ப வந்துவிடும் என்ற பயம். சோறு இல்லாமல் சர்க்கரை மாத்திரை, மூன்று நாள். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம்.

லேடி டாக்டர், சின்ன வயசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்கய்யா, அந்தம்மா எதுக்குங்க பட்டினி கெடந்தாங்க?"

சாமிக்கு என்றேன். பொய்.

12-6, வெள்ளி

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டரோடு மட்டும்தான் பேச்சு.

டாக்டரிடம் வழக்கம்போல ஆரம்பித்தேன். "தின்னுதின்னு சேத்து வெச்சதுங்க. மூட்டை மாதிரி சும்மா கெடக்குது."

"சும்மா கெடக்கலைங்க" என்றார். மறந்துவிடக் கூடாது என்று அவர் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். நான் படித்தது ஐந்தாவது. புரிந்தவரை:

கொழுப்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதிகமாகச் சேர்ந்தால் சில புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. காயம் பட்டால் அந்த இடம் கொதிக்கிறதே, அந்தக் கொதிப்பைக் கிளப்புகிற புரதங்கள்.

இங்கே காயமே இல்லை. ஆனாலும் உள்ளே லேசாக, ஓயாமல் கொதிப்பு. தொட்டால் தெரியாது.

அதனால் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை ஏறுகிறது.

எலியில் பார்த்திருக்கிறார்களாம். மனிதர்களுக்கு எவ்வளவு தூரம் என்று இன்னும் ஆராய்ச்சி.

"அப்ப இவ திங்கறதுனால இல்லீங்களா?"

"திங்கறதும் உண்டுங்க. அது மட்டுமே இல்லைங்க. ஒடம்பு வாகு, பரம்பரை எல்லாம் இருக்குது. நேரத்துக்கு அளவாச் சாப்பிடோணும், நடக்கோணும். பட்டினி ஆகாதுங்க. கேலி பண்ணுனா ஒரு கிராம்கூட கொறையாதுங்க."

என் கேலியைப் பற்றிச் சரசு சொல்லியிருக்கிறாள். என்னிடம் நாற்பது வருஷம் சொல்லாததை டாக்டரிடம் இரண்டு நாளில்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி மழுப்பலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

13-6, சனி

மைத்துனன் வந்து அவளைத் தொண்டாமுத்தூருக்கு அழைத்துப்போய்விட்டான். "பத்து நாள் இருக்கட்டுங்க மச்சான்." அவள் எடுத்து வைத்த சேலைகளைப் பார்த்தால் பத்து நாளுக்கு இல்லை.

15-6, திங்கள்

தூறல். சோறு குழைந்துவிட்டது. ரசம் என்று ஒன்று வைத்தேன். என்னைக் கேலி பண்ண ஆள் இல்லாததால் குடித்துவிட்டேன்.

இவ்வளவு வருஷமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை. நான் முடித்த பிறகு அடுப்படியில்தான். அடக்கம் என்று ஊரில் பெருமை பேசியிருக்கிறேன். மடையன்.

17-6, புதன்

தொண்டாமுத்தூர் போனேன். இரண்டு பஸ். கையில் அவள் மாத்திரை, கொய்யா கால் கிலோ. மன்னிப்புக் கேட்பதுதான் யோசனை. பஸ்ஸில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே கேலி மாதிரி கேட்டது.

வாசலிலிருந்தே தெரிந்தது. கூடத்தில் மைத்துனனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ பேச்சு, சிரிப்பு. களியும் கீரையும். என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். உள்ளே மைத்துனன் குரல்.

"அக்கா, பாதியில வெச்சுப்போட்டியே. மாத்திரை போட்டிருக்கற, சாப்பிடு."

"அவுங்க போகட்டும். சாப்பிடறன்."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மாத்திரையையும் கொய்யாவையும் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். நான் அங்கேயே இருந்தால் அவள் களி ஆறிவிடும்.