லோரி வாசித்த சீட்டு

கம்பினா கிராண்டி,
ஜூலை 9, செவ்வாய்

அன்பு மகள் ரோஸியானிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம், அங்கே லிஸ்பனில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க அந்தோணியாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டு நெய்தி வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் ஒரு பாலாடைக்கட்டியும் வரும், கட்டியைச் சுட்டுத் தின்னு, ஃப்ரீசரில் போட்டுப் பாழாக்காதே. போனில் பேசினால் நான் அழுவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முறைப்பார், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாமல் படி. அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது வீட்டில்தான் இருக்கிறார். மே மாதம் உன்னிடம் சளி என்று சொன்னது சளி இல்லை, குரல் நாணில் ஒரு கட்டி. ஆபரேஷன் முடிகிறவரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார், அதற்காக என்மேல் பாயாதே.

சனிக்கிழமை பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள், பாடகர் லோரி தா செர்ராவின் வாழ்க்கையை எழுத வேண்டுமாம். பதினெட்டு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு, ஆக நாற்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அப்பா வாயை மூடிக்கொண்டிருக்க நான் பேசினேன். உள்ளதைச் சொன்னேன். அவர் சொல்லித் திரிவதுபோல் சர்க்கஸ் கூடாரத்தில் பிறந்தவர் இல்லை, எஸ்பெரான்சாவில் அவர் அத்தை கட்டிலில் பிறந்தவர், வயது அறுபத்துநாலு இல்லை அறுபத்தொன்பது என்றேன். மேசையைத் தட்டினார், நான் நிறுத்துவேனா. ஒலிபெருக்கி கட்டிய காரில் சாவுச் செய்தியும் கோழி விலையும் சொல்லிக்கொண்டு திரிந்தவர், ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவில் போரடிக்கிறதே என்று பாட ஆரம்பித்தார், ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள், அதைப் பார்த்துத்தான் ஜோகா தன் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினான். ரெசிஃபியில் முதல் இசைத்தட்டு, அட்டையில் அவர் போட்டிருக்கும் தோல் தொப்பி இரவல் தொப்பி. பிறகு சாவ் பாவ்லோவில் ஆறு வருஷம், கட்டட வேலைக்குப் போன நம்மூர்க்காரர்கள் சனிக்கிழமை ஆனால் அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டே அழுவார்கள், நீ பிறந்ததும் அங்கேதான். திரும்பி வந்தால் இங்கே கீபோர்டும் அரைகுறை உடுப்பில் ஆடும் பெண்களுமாய்ப் பெரிய பெரிய குழுக்கள், நம்மூர் ஃபொஹோ ஆட்டப்பாட்டுக்கு அக்கார்டியனே வேண்டாம் என்ற காலம், இவரும் ஒரு வருஷம் பளபளக்கிற கால்சட்டை மாட்டிக்கொண்டு பாடினார். அந்தப் போட்டோவையும் எடுத்துக் காட்டினேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் போனதும் அந்தப் பெண், இவ்வளவு பிடிவாதக்காரர் ஆபரேஷனுக்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டாள். அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். டாக்டர் ஜுராந்திர் ஜூன் 26 என்று தேதி கொடுத்திருந்தார், தள்ளிப்போட்டால் கட்டி உயிருக்கே வினையாகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். அப்பா கேட்கவில்லை. ஊரெல்லாம் திருவிழா ஆடுகிற ஜூனில் ஃபொஹோ பாடகனைப் படுக்கப்போடுவதும் கிறிஸ்துமஸ் அன்று பாதிரியாரைப் பூட்டிவைப்பதும் ஒன்றுதான், எனக்குத் தெரியாதா, ஆனால் இந்த மனுஷன் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும்கூடக் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சோளப்புட்டு அவிக்காமல் இருந்தேன். அசையவில்லை.

பாட்டுக்கு நடுவே ஜனங்கள் நீட்டுகிற சீட்டை வாங்கி அதில் உள்ளவர்களுக்கு மைக்கில் வணக்கம் சொல்வது எல்லாப் பாடகரும் செய்வதுதான். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசிப்பார்கள், உன் அப்பா பார்க்க மாட்டார், கையில வந்தா வாயில வரணும் என்பார். பிறந்தநாள், காணாமல் போன கழுதை, ஒருமுறை எவனோ தன் பெண்டாட்டி யாரோடு ஓடினாள் என்று எழுதிக் கொடுத்ததைக்கூட முழுசாக வாசித்து முடித்த பிறகுதான் விழித்தார். வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். ஆனால் மைக்கில் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க மாட்டார். யோவான் திருவிழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்ன மேடையில் அவர் கச்சேரி. என் கையெழுத்து அவருக்குத் தெரியுமே, அதனால் சோளம் சுட்டு விற்கும் லூர்திஸை எழுதச் சொல்லி அவள் கையாலேயே நீட்டவைத்தேன். நம் லோரியின் தொண்டையைப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ஜுராந்திருக்கு வணக்கம், லோரி மற்ற கச்சேரிகளை எல்லாம் விட்டுவிட்டார், ஜனங்கள் வேண்டிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. கணீரென்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஜோகா அக்கார்டியனை நிறுத்திவிட்டான். முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார், அவரைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். அப்பா மேடையோரம் நின்ற என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து மைக்கிலேயே சொன்னார், “ஜுலேதி, நீ படுபாவிடி.” அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜனங்களைப் பார்த்து, “சரிங்க, மைக்ல சொல்லியாச்சு. புதன்கிழமை போறேன்,” என்றார். மீதிப் பாட்டையும் பாடினார், நான் ஒன்றையும் கேட்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் முழுசாக எடுத்தாகிவிட்டது, ஓரமெல்லாம் சுத்தம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். உயிருக்குப் பயமில்லை மகளே, இதை இரண்டு தடவை படி. ஆனால் குரல் நாணில் ஒரு பகுதி கட்டியோடு போய்விட்டது. பேசலாம், காற்றும் கரகரப்புமாக வரும், பாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வீட்டுக்கு வந்து அரை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் செய்தது சரிதான் என்று தெரியும், தெரிந்தும் மனசு ஆறவில்லை. இப்போது கஞ்சி குடிக்கிறார், ஜோகா தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறான். நீ டிக்கெட் எடுத்து ஓடி வராதே, வேலையைப் பார், காபியைக் குறை, மருமகனைக் கேட்டதாகச் சொல். கன்னிமரியாள் உங்கள் இருவரையும் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு நாள் முடிகிறது, இங்கே காலை பத்து மணிக்கு, உனக்குப் பகல் இரண்டு, போன் வரும். முதல் பேச்சு உன்னோடுதான் என்று எழுதிக் காட்டிவிட்டார், அதுவரை இருமக்கூட மாட்டாராம், அந்தக் குரலை அவரே இன்னும் கேட்டதில்லை. எப்படிப்பட்ட சத்தம் வந்தாலும் யார் பேசுறீங்க என்று கேட்டுவிடாதே. எடுத்ததும், எப்போதும் போல, ஆசி குடுங்கப்பா என்று கேள். பதிலுக்கு ஏதோ வரும், உனக்குப் புரியாமல் போகலாம். ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும் மகளே என்றுதான் சொல்லியிருப்பார்.

உன் அம்மா,
ஜுலேதி